சான்றிதழ் வாங்கி வந்துவிட்டார், ஆர்டரை வாபஸ் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி தன் தங்கைக்காக எழுதியிருக்கிறார். போன வருடம் தங்கையைக் கணவர் அடித்ததில் கோர்ட்டு அவர்மேல் இறுதிப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருக்கிறது. இப்போது அவர் மூன்று சனிக்கிழமை 'ஆங்கர் மேனேஜ்மென்ட்' என்ற, கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்புக்குப் போய் சான்றிதழ் வாங்கி வந்திருக்கிறார். கோயில் கமிட்டியில் இருக்கும் அவருடைய பெரியப்பா, "பையன்தான் திருந்திவிட்டானே, கேஸை வாபஸ் வாங்கச் சொல்லும்மா, நானே ஆள் வைத்து முடித்துத் தருகிறேன்" என்கிறாராம். தங்கைக்கும் மனம் இளகுகிறது. என்ன செய்வது?

வேண்டாம் அம்மா. இப்போது வாபஸ் வாங்க வேண்டாம்.

டர்பன் பக்கம் இப்படி அடித்த ஆண்களோடு குழுவாக உட்கார்ந்து பேசும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். ஆண்கள் மாறவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, சிலர் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று சனிக்கிழமையில் மாறிய ஒருவரைக்கூட இதுவரை நான் பார்க்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு விதிக்கும் வகுப்பு 52 வாரம். அவ்வளவு நீளமாக நடத்தும் வகுப்புகளே எந்த அளவுக்குப் பலன் தருகின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2004-இல் பேப்காக் என்பவரும் கூட்டாளிகளும் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கைது, கோர்ட்டு இவற்றோடு வகுப்பும் சேர்ந்தால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை சிறியதுதான் என்று வந்தது. நன்மை இருக்கிறது, ஆனால் சிறியது. அதை நம்பிக் கையில் இருக்கும் பாதுகாப்பை விடக்கூடாது.

அப்புறம், உங்கள் தங்கைக்கு மனம் இளகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதை அவரிடம் சொல்லுங்கள். கொண்டால்ஃப் என்ற ஆய்வாளர் 1988-இலேயே டெக்சாஸில் காப்பகங்களில் தங்கிய பெண்களிடம் இதைக் கவனித்தார். எந்தப் பெண் திரும்பிக் கணவரிடம் போவாள் என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகக் காட்டிக்கொடுத்தது, 'அவர் கவுன்சிலிங் போகிறார்' என்ற ஒரு செய்திதான். பின்னால் அவரே நான்கு நகரங்களில் ஆண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, திரும்ப அடித்தவர்களில் பெரும்பாலோர் வகுப்பில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள்ளேயே அடித்தார்கள், வகுப்பைப் பாதியில் விட்டவர்களில் அடித்தவர்கள் இன்னும் அதிகம். அதாவது நம் பெண்கள் நம்பிக் கதவைத் திறக்கும் அதே நாட்கள்தான் ஆபத்தான நாட்கள்.

இந்த 'ஆங்கர் மேனேஜ்மென்ட்' என்ற பெயர்மேலேயே எனக்குக் கோபம் உண்டு. உங்கள் தங்கை வீட்டுக்காரர் வேலையில் சூப்பர்வைசர் திட்டும்போது கை ஓங்குகிறாரா? இல்லையே. அங்கே அடக்கத் தெரிகிறது, வீட்டுக்கு வந்தால் மட்டும் தெரியவில்லையா? நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது, கூட இருந்தபோது அவளுடைய பேங்க் கார்டு அவர் பர்ஸில், அவளுடைய போனை ராத்திரி ராத்திரி அவர் திறந்து பார்ப்பாராம். இதற்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்? அவள் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்ற நினைப்பு அது. பத்து வரை எண்ணி மூச்சை இழுத்து விடுவதால் அது போகாது.

எங்கள் குழுவில் முதல் நாள் ஒவ்வொருவரையும் நடந்ததைச் சொல்லச் சொல்வோம். "கோபம் வந்துடுச்சு, கை நீண்டுடுச்சு, அவளுக்குப் பட்டுடுச்சு." கவனித்தீர்களா, கோபம் தானாக வந்தது, கை தானாக நீண்டது, அடி தானாகப் பட்டது, அவர் மட்டும் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. "நான் அவளை அடித்தேன்" என்ற மூன்று சொல்லைச் சொல்ல ஒருவருக்குப் பதினோரு வாரம் ஆனது. சொல்லும்போது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அவரோடு வேலையே தொடங்கியது. நடந்ததைப் பற்றி உங்கள் தங்கை வீட்டுக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று தங்கையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சான்றிதழைக் கொடுத்தவர்களுக்கு ஒரு போன் போட்டு, "என் தங்கையிடம் தனியாக ஒரு தடவையாவது பேசினீர்களா?" என்று கேளுங்கள். ஒழுங்கான வகுப்பு நடத்துகிறவர்கள் மனைவியின் பாதுகாப்பைத் தனியாக விசாரிக்க ஏற்பாடு வைத்திருப்பார்கள், ஏனென்றால் கணவரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. நம் டர்பனிலேயே குடிசைப் பகுதிகளில் 34 இடங்களை எடுத்து நடத்திய ஓர் ஆய்வில், இளம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வன்முறையைக் குறைக்கும் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடம் கழித்துக் கேட்டார்கள். ஆண்கள் தாங்கள் அடிப்பது குறைந்துவிட்டது என்றார்கள், அதே பயிற்சிக்கு வந்த பெண்களிடம் கேட்டால் அவர்கள் வாங்கும் அடி குறையவில்லை. அந்தப் பெண்கள் அந்த ஆண்களின் மனைவிமார் அல்ல, அதனால் யாரும் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நான் எப்போதும் பெண்ணிடம்தான் கேட்பேன். பணம் வாங்கிக்கொண்டு தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய தாளைக் கொடுப்பவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. இவர்களைக் கேட்பாரும் இல்லை. கோர்ட்டு ஒழுங்கான வகுப்புக்கு அனுப்ப நினைத்தாலும் அப்படிப்பட்ட வகுப்பும் போதவில்லை, சமூகப் பணியாளர்களும் போதவில்லை. வருடம் தவறாமல் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், என்னிடம் வரும் ஆண்களின் வரிசைதான் நீள்கிறது.

பெரியப்பா சொல்லும் 'ஆள்' யார்? கோர்ட்டு வாசலில் நின்று படிவம் நிரப்பப் பணம் கேட்பவராக இருந்தால் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பாதுகாப்பு உத்தரவு கேட்கக் கட்டணம் கிடையாது, விவரம் சொல்லி உதவுவது கிளார்க்கின் வேலை. யாரும் வெளியில் நின்று கேஸை 'முடித்து' விடவும் முடியாது. 1998-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, உத்தரவை நீக்கக் கேட்பவர் அவள் என்றால், யார் வற்புறுத்தலும் இல்லாமல் தானாகவே கேட்கிறாள் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். நடைமுறையில் சில இடத்தில் இதை ஒரு நிமிடக் கேள்வியாக்கிவிடுகிறார்கள், கணவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே "யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டால் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? அப்படி நடந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்கலாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். உத்தரவை நீக்குவது வேறு, மாற்றுவது வேறு. பிள்ளைகளை அவர் பார்க்க வேண்டும், அல்லது வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று தங்கை உண்மையிலேயே நினைத்தால், அதற்காக முழு உத்தரவையும் கிழிக்கத் தேவையில்லை. 'வீட்டுக்குள் வரக்கூடாது' என்ற நிபந்தனையை மட்டும் மாற்றித் தரும்படி அதே கோர்ட்டில் எழுதிக் கேட்கலாம், 'அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது' என்பது அப்படியே இருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உத்தரவு செல்லும். பெரியப்பா உண்மையிலேயே குடும்பம் சேர வேண்டும் என்று நினைத்தால் இதற்குச் சம்மதிக்க என்ன தடை என்று அவரையே கேளுங்கள். ஆனால் கோர்ட்டு மாற்றி எழுதித் தரும்வரை பழைய நிபந்தனைதான். "நான்தான் வரச் சொன்னேன்" என்று தங்கை வாயால் சொல்வதால் அது மாறிவிடாது.

உத்தரவோடு, மீறினால் அவரைக் கைது செய்வதற்கான ஒரு வாரண்டும் கொடுத்திருப்பார்கள், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அவர் உத்தரவை மீறினால் அதையும் எடுத்துக்கொண்டு போலீஸில் போய் நடந்ததை அபிடவிட்டாக, அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும், மீறியதற்கு 5 வருடம் வரை சிறை உண்டு. வாரண்ட் தொலைந்திருந்தால் கோர்ட்டிலேயே இன்னொன்று கேட்டு வாங்கலாம். ராத்திரியில் எதுவும் நடந்தால் போலீஸுக்கு 10111, பேச ஆள் வேண்டுமென்றால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி எண் 0800 428 428, அதற்குக் காசு இல்லை. உத்தரவுக்கும் வாரண்டுக்கும் நகல் எடுத்து ஒரு செட்டை இன்றைக்கே உங்கள் வீட்டு அலமாரியில் வையுங்கள், அவள் வீட்டில் வேண்டாம்.