லியோனில் கேட்காத கேள்வி

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவள். முதல் பட்டதாரி சலுகையில் பி.இ. கெமிக்கல் முடித்து, இப்போது புதுச்சேரியில் எம்.டெக். முதலாண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முழுவதும் புராஜெக்ட்தான். பிரான்சில் லியோன் நகருக்கு அருகிலுள்ள ஒரு நிறுவனம், ஆகஸ்டு முதல் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உதவித்தொகை பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. மூன்று லட்ச ரூபாய் தேவைப்படும். பிளஸ் டூ முடித்த தம்பி, இன்ஜினியரிங் சேர ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். ஆனால் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பா, பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்குகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
வாசகி, கடலூர்

பதில்: உங்கள் அப்பாவின் தயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே கேள்வியோடு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் ஏராளம். விசா கைக்கு வந்த மறுநாள், அந்த அப்பாக்களே ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

தம்பி 'சொல்லிவிட்டான்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி வந்தது? அக்காவின் எதிர்காலமே இதில்தான் இருக்கிறது என்று வீடு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது, பள்ளியை இப்போதுதான் முடித்த பையன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அதை நீங்கள் சம்மதமாகக் கணக்கெழுதிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நீங்கள் அதைப் பெற்றுவிட்டதால் அவனுக்கு அது கிடையாது. ஒருமுறை தனக்குத் தெரியாமலேயே உங்களுக்கு விட்டுக்கொடுத்தவனை, இப்போது தெரிந்தே இன்னொரு முறை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள். மூத்தவர் படித்து முடித்து இளையவரைக் கைதூக்கிவிடுவதுதான் நான் அறிந்த குடும்ப முறை. இளையவரை நிறுத்திவைத்துவிட்டு மூத்தவர் மேலே போவதை, எத்தனை நியாயம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

லியோனில் இருக்கும் அந்நியரிடம் உதவித்தொகை கேட்கக் கூச்சம். சொந்தத் தம்பியிடம் ஒரு வருடத்தைக் கேட்கக் கூச்சமில்லை. இது எந்த ஊர்க் கூச்சம்?

அங்கே கூச்சப்பட ஒன்றுமே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'ஸ்தாஜ்' என்று சொல்லும் இந்தப் பயிற்சி, ஒரே கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் இரண்டு மாதத்தைத் தாண்டினால், மாணவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதந்தோறும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மணிக்கு 4 யூரோவுக்குச் சற்று மேல் என்றால், முழுநேரப் பயிற்சிக்கு மாதம் 600 யூரோவுக்கு மேல் வரும். தாராளமாக வாழ அது போதாது என்றாலும், சிக்கனமாக இருந்தால் வாடகை, சாப்பாட்டில் பெரும்பகுதி அதிலேயே அடங்கும். மாணவர், கல்வி நிறுவனம், பயிற்சி தரும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், அந்தத் தொகையும், நீங்கள் செய்யப்போகும் பணியும், இரு பக்கமும் உங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களின் பெயரும் இருக்க வேண்டும். அது இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கான விசா கிடைக்காது. அப்படியிருக்க, மூன்று லட்சம் என்பது எதையெல்லாம் கூட்டி வந்த தொகை? விமானக் கட்டணம், விசா, காப்பீடு, வாடகை முன்பணம், முதல் மாதச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லியோனுக்குத் தெற்கே ரோன் ஆற்றை ஒட்டி வேதித் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. நம் கடலூர் சிப்காட்டைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண், அதே தொழில் வேறொரு நாட்டில் எந்த விதிகளுக்கு உட்பட்டு நடக்கிறது என்று ஆறு மாதம் உடனிருந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஆகஸ்டில்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஜனவரியில் தொடங்கினாலும் உங்கள் புராஜெக்ட் காலத்துக்குள் முடித்துவிடலாம். உதவித்தொகை எவ்வளவு, தொடக்கத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்ற இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள்.

அதற்கு முன்பு, தம்பி பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டானா என்று இன்று மாலையே விசாரியுங்கள். இல்லையென்றால், கடைசி நாள் போவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அவன் கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீது வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அப்பாவிடம் என்ன பேசுவது என்பதை அப்போது சொல்கிறேன்.