புல்லைக் கிளப்புங்கள், ஆனால் ஒரேயடியாக வேண்டாம்

வணக்கம். கிளிநொச்சியில் முன்வளவு முழுக்கப் புல் பதித்தோம், ஆவணியில் கிணறு அடிக்குப் போய்விட்டது, பக்கத்து வீட்டு அக்காவைப் போலத் தோட்டமாக்கினால் பாம்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக ஆக்குங்கள். தென்மேல் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் புல்லுக்கு இறைக்கிற தண்ணீரில் நாலு பாத்தி கத்தரி காய்க்கும்.

இந்த முறை வளவில் கால்வாசியை மட்டும் எடுங்கள். அறுகம்புல் கலந்திருந்தால் மட்டையால் மூடி வைப்பது போதாது. நானும் அப்படி மூடிவிட்டு, மாரி தொடங்கியதும் ஓரத்தால் வெள்ளை முளை ஊசி போல் நீட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். மண்வெட்டியால் கொத்தி, வேரைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். புரட்டாதிக்குள் இதை முடித்து மாட்டெருவும் இலைகுழையும் போட்டால், ஐப்பசி மழையோடு பயிற்றை, வெண்டி ஊன்றலாம்.

வேலியோரம் எங்கள் மண்ணின் மரங்களுக்கு விடுங்கள். பாலை மெல்லத்தான் வளரும், ஆனாலும் ஒரு கன்று வையுங்கள். ஆவரசு, எருக்கலை வந்தால் வெட்டாதீர்கள், சில வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் முட்டையிடும். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் மருந்து அடிக்கவும் வேண்டாம், அதுவும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம்.

பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வரும். வாசலைச் சுற்றி ஆறடி வெறும் முற்றமாகக் கூட்டி வைத்திருங்கள். கல், விறகுக் குவியலைத் தள்ளி வையுங்கள்.

அப்புறம், அந்த அக்காவிடமே விதை கேளுங்கள், உங்கள் மண்ணில் விளைந்த விதை அது.