அப்பச்சியின் வட்டிக் கணக்கு லேப்டாப்புக்கு வருமா?

கேள்வி: எங்கள் அப்பச்சி கணக்கு வாத்தியார். 1984-ல் தொடங்கிய கிளாஸ் (பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும்) திட்டத்தில் பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் பின்னால் ஏலத்துக்கு வந்தபோது வாங்கி வந்துவிட்டார்கள். இரண்டாம் கட்டில் கிடந்ததைத் துடைத்துப் போட்டேன், ஓடுகிறது! அவர்கள் எழுதிய வட்டிக் கணக்கு புரோகிராம் கேசட்டிலிருந்து லோடும் ஆகிறது. யூஎஸ்பியில் செருகும் சின்ன சீரியல் போர்டு ஒன்று வாங்கி மூன்று ஒயர் இழுத்தேன். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை, வந்தால் குப்பையாக வருகிறது. மிஷின் போய்விட்டதா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மிஷின் மேல் பழி போடாதீர்கள், உங்கள் போர்டுதான் தப்பு. அது 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே பேசுவது; பிபிசியின் சீரியல் போர்ட்டான ஆர்எஸ்423 பிளஸ் 5, மைனஸ் 5 என்று ஆடுவது, அதுவும் ஒன்றும் பூஜ்யமும் தலைமாறி இருக்கும். ஒன்பது பின் உள்ள, ஆர்எஸ்232 என்று போட்ட யூஎஸ்பி கேபிள் வாங்குங்கள். மூன்று ஒயரும் போதாது: சிடிஎஸ் பின்னில் எதிராளி 'அனுப்பு' என்று சொல்லாதவரை பிபிசி ஓர் எழுத்தைக்கூட வெளியே விடாது, ஆகவே இந்தப் பக்கத்து ஆர்டிஎஸ் (அந்த 'அனுப்பு' கிளம்பும் பின்) அந்தப் பக்கத்து சிடிஎஸ்ஸுக்கு, அதேபோல் மறுபுறமும், மொத்தம் ஐந்து ஒயர். இன்னொரு கூத்து, பிபிசி பக்கத்து ஐந்து பின் பிளக் தலைகீழாகவும் உள்ளே போய்விடும். வரவில்லையென்றால் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

ஃபைலை அப்படியே காப்பி செய்யவும் வேண்டாம். பிபிசியின் புரோகிராம் மொழியான பேசிக் 'பிரின்ட்' என்ற சொல்லையே 241 என்ற ஒரே பைட்டாகச் சுருக்கி வைத்திருக்கும், லேப்டாப்பில் திறந்தால் பாதி புரியாது. லிஸ்ட்டாகவே, படிக்கும் எழுத்தாக, வெளியே எடுங்கள். பிபிசியில் இந்தக் கட்டளைகளைத் தட்டுங்கள்: *எஃப்எக்ஸ் (*FX) 8,7 (9600 வேகத்தில் அனுப்ப), *எஃப்எக்ஸ் 5,2 (பிரின்டருக்குப் போவது சீரியலுக்குப் போகும்), *எஃப்எக்ஸ் 6,0. இந்தக் கடைசியை மறந்தால் வரி இறக்கும் குறி வராமல் எல்லா வரியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்புறம் கன்ட்ரோல்-பி (B), லிஸ்ட், முடிந்ததும் கன்ட்ரோல்-சி (C). லேப்டாப்பில் ஒரு டெர்மினல் புரோகிராமை 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்று வைத்து, வருவதை ஃபைலில் பதியச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கேசட்டைப் போட்டு லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்து வையுங்கள், நாடா என்றைக்கு அறும் என்று சொல்ல முடியாது. பவர் சப்ளையில் இருக்கும் பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் புகை கக்குவதும் இந்த மாடலில் வாடிக்கை, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே ஒரு பிபிசி மைக்ரோ கிடைத்தது. *எஃப்எக்ஸ் 2,1 (கீபோர்டுக்குப் பதில் சீரியலிலிருந்து வாங்கும்) கொடுத்து லேப்டாப்பிலிருந்து புரோகிராம் அனுப்பினால் நடுநடுவே எழுத்து விழுங்கிவிடுகிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பந்தியில் இலையைக் கையால் மறிக்கிறீர்கள், அதற்குள் கரண்டியில் இருந்தது விழுந்துவிடுகிறது இல்லையா, அதேதான். பிபிசி 256 எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும், 9 எழுத்துக்குத்தான் இடம் பாக்கி என்றபோது 'போதும்' என்று சொல்லும். ஆனால் யூஎஸ்பி கேபிள் ஏற்கெனவே அள்ளிவிட்டதைக் கொட்டித்தான் நிற்கும். *எஃப்எக்ஸ் 203,100 கொடுங்கள், 100 எழுத்துக்கு இடம் இருக்கும்போதே கை மறிக்கும். அப்படியும் விழுங்கினால் *எஃப்எக்ஸ் 7,5 என்று வாங்கும் வேகத்தை 2400-க்கு இறக்குங்கள் (லேப்டாப்பிலும் 2400), ஒவ்வொரு வரி முடிவிலும் கொஞ்சம் தாமதம் வையுங்கள். வரி முடிவில் 13 (ரிட்டர்ன் குறி) மட்டும் போக வேண்டும், 10 (வரி இறக்கும் குறி) வேண்டாம்.