முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனை?

இருபது வருடம் டயர் கடை வைத்திருந்தவன் என்ற தைரியத்தில் உட்கார்கிறேன். இரு சக்கர வண்டியின் டயர் காற்று பற்றி மட்டும் கேளுங்கள். அளந்தது காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆக்டிவா ஓட்டுகிறேன். பஞ்சர் கடையில் முன்னும் பின்னும் 35 அடித்துவிட்டார்கள். சரியா?

முன்னாடி 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, 'பாயின்ட்' என்போம்), பின்னாடி 29. பின்சீட்டில் ஆள் ஏறினால் பின்னாடி 36. முன்சக்கரத்தில் 35 இருந்தால் சாலையில் உள்ள ஒவ்வொரு குழியும் உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும், ஈரத் தரையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். கடைக்காரரை நான் திட்டமாட்டேன், நானும் அப்படி அடித்தவன்தான். அளவாக அடித்தால் 'காற்றே அடிக்கலை' என்று மறுநாள் சண்டைக்கு வருவார்கள். கூட அடித்துவிட்டால் ஒருவரும் திரும்பி வருவதில்லை.

கேள்வி: டயரின் பக்கவாட்டிலேயே ஒரு எண் அச்சடித்திருக்கிறதே, அதை வைத்தால் போதாதா?

போதாது. அது அந்த டயர் தாங்கும் உச்சம். ஒரே டயரைப் பத்து விதமான வண்டிகளில் மாட்டுகிறார்கள், டயருக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது. உங்கள் வண்டிக்கான அளவு செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக இருக்கும். சேறு மூடியிருந்தால் துடைத்துப் பாருங்கள். உரிந்து போயிருந்தால் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்குக் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: பல்சர் 150க்கு?

25, 28. ஆள் ஏறினால் பின்னாடி 32. அப்புறம் ஸ்டிக்கரையும் ஒரு முறை பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

கேள்வி: கோவையிலிருந்து ஊட்டி போகிறோம். குளிருக்குக் காற்றை ஏற்றிக்கொண்டு போகவேண்டுமா?

இது நல்ல கேள்வி. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, ஊட்டியில் விடிகாலை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 28 பிஎஸ்ஐ வைத்த டயரில் இந்தக் குளிருக்கே மூன்றரை பாயின்ட் போய்விடும். அதனால் இரண்டு மூன்று கூட வைத்துக்கொண்டு போங்கள்.

(இயற்பியல் ஆசிரியர் ஒருவர்: ஐயா, உயரத்தை விட்டுவிட்டீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, கேஜ் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே காட்டும்?)

சார் சொல்வதுதான் சரி, மேலே நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்று 14 பிஎஸ்ஐ, ஊட்டியில் 11 சொச்சம். குளிரில் மூன்றரை இறங்கும், உயரத்தில் ஏறக்குறைய மூன்று ஏறும். கணக்குப் போட்டால் 28 என்பது 27½ ஆகிறது. ஒன்றும் செய்யவேண்டாம், அப்படியே போங்கள்.

(கேட்டவர் மறுபடி: போன தடவை மேட்டுப்பாளையம் பங்க்கில் 28 வைத்தேன். மறுநாள் காலை ஊட்டியில் 24தான் காட்டியது. கணக்கு எங்கே போயிற்று?)

கோவையிலிருந்து வெயிலில் 35 கிலோமீட்டர் ஓட்டி வந்து, டயர் கொதிக்கும்போது அடித்திருப்பீர்கள். ஓடிய டயரில் மூன்று நான்கு பாயின்ட் சூட்டிலேயே ஏறியிருக்கும். அப்போது 28 என்றால், ஆறினால் 24, 25தான். மலை ஒன்றும் திருடவில்லை. இதற்காகத்தான் காலையில், ஓடுவதற்கு முன் அளந்ததா என்று முதலிலேயே கேட்டேன். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகவேண்டும், இல்லை பக்கத்துத் தெரு பங்க் வரை ஓடிய தூரம்தான் இருக்கவேண்டும். சூட்டில் கூடக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்து விடாதீர்கள், அது இன்னும் மோசம்.

(ஆசிரியர்: ஊட்டியில் வெயில் ஏறிய பிறகு?)

சார், அதற்கு உங்கள் மாணவர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடுமாமே?

மணலுக்குச் சொன்னதை யாரோ தார் ரோட்டுக்கும் சொல்லியிருக்கிறார்கள். காற்று குறைந்தால் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது, அதன்மேல் மிதக்கும். குறைக்காதீர்கள்.

கேள்வி: என் வண்டிக்கு 35 வைக்கலாமா?

ஸ்டிக்கர்.

கேள்வி: எந்தக் கம்பெனி டயர் நல்லது?

வேறு ஆளைக் கேளுங்கள். வாங்கும்போது பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணை மட்டும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

கேள்வி: பழைய புல்லட், ட்யூப் டயர். பின்சக்கர வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கடையில் 'அது அப்படித்தான்' என்கிறார்கள்.

அப்படித்தான் இல்லை! ரொம்ப நாளாகக் குறைந்த காற்றில் ஓட்டியிருக்கிறீர்கள். பிரேக் பிடிக்கும்போதும் முறுக்கும்போதும் டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ட்யூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வளைகிறது. ஒருநாள் அடியோடு கிழியும், காற்று ஒரே மூச்சில் போகும், அப்போது வேகத்தில் இருந்தால் வண்டி உங்கள் கையில் இருக்காது. இன்றைக்கே கழற்றி ட்யூபைச் சரியாக உட்காரவைத்து, வால்வு அடியில் வெடிப்பு இருந்தால் புதுசு போடுங்கள். காற்றடித்த பிறகு விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி (வால்வு பின்) போயிருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லுங்கள். மூடியைத் தொலைக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, ஸ்ப்ளெண்டருக்கு எத்தனை?

செயின் கவர். துடைத்துப் பாருங்கள்.