மெழுகு உதிர்வதற்குக் காரணம் உங்கள் கை அல்ல

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் உருக்கிய மெழுகில் நிறம் கலந்து வரைந்த ‘கொடி’ (1954–55) ஓவியத்தைப் பார்த்துவிட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி நிறப்பொடி கலந்து கேன்வாஸில் பூசினீர்கள், இரண்டே நாளில் செதில் செதிலாக உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள். கோளாறு பொருளில்தான்.

மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின். அது சட்டென்று நொறுங்கும். தேன்மெழுகு வாங்குங்கள். எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு டாமர் என்ற மரப்பிசின் சேர்த்தால் இறுகி நிற்கும். அப்புறம், கேன்வாஸ் வளைந்து கொடுக்கும், மெழுகு கொடுக்காது. அதனால் ஒட்டுப்பலகைக்கு மாறுங்கள். ஜான்ஸும் துணியைப் பலகைமேல் ஒட்டித்தான் வரைந்தார். வரையுமுன் அடிப்பூச்சாகத் தடவும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ வேண்டாம், மெழுகு அதைச் சரியாகப் பற்றாது.

முக்கியமானது இதுதான்: ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) லேசாகக் காட்டுங்கள். மேற்பரப்பு ஒரு கணம் ஈரம்போல மினுங்கும். அந்த மினுக்கம் வந்தால் புதுப் பூச்சு கீழ்ப் பூச்சோடு கலந்துவிட்டது, உடனே ஹீட் கன்னை எடுத்துவிடுங்கள். மெழுகை உருக்கும்போது அதன் சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டவேண்டாம், புகை வரும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

சரி, செய்தித்தாள் கீற்றுகளை மெழுகில் தோய்த்து ஒட்டிப் பார்த்தீர்களா? ஜான்ஸ் செய்தது அதுதான். முதலில் உள்ளங்கை அகலப் பலகையில் முயலுங்கள்.