வார்டு உறுப்பினர் முதல் குடியரசுத் தலைவர் வரை: திரௌபதி முர்மு குறித்துச் சில கேள்விகள்

கேள்வி (கல்லூரி மாணவி, சேலம்): திரௌபதி முர்முவின் அரசியல் வாழ்க்கை உண்மையிலேயே ஒரு வார்டிலிருந்துதான் தொடங்கியதா?

பதில்: ஆம். 1979 முதல் 1983 வரை ஒடிசா அரசின் பாசன, மின்துறையில் இளநிலை உதவியாளராகவும், பின்னர் ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், 1997இல் அவ்வூர் நகரப் பஞ்சாயத்தின் உறுப்பினரானார். நம்மூர்ப் பேரூராட்சியைப் போன்ற அமைப்பு அது. நாடு விடுதலையின் பொன்விழாவைக் கொண்டாடிய ஆண்டில் பொதுவாழ்வைத் தொடங்கியதையும், வார்டு கவுன்சிலராக இருந்ததையும் 2022 ஜூலை 25 அன்று பதவியேற்பு உரையில் அவரே குறிப்பிட்டார்.

கேள்வி (ஆசிரியர், தஞ்சாவூர்): இட ஒதுக்கீடு இல்லாமல் இது நடந்திருக்குமா?

பதில்: நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களையும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும் உறுதிசெய்தது. அவ்வாறு கதவு திறந்த நான்கே ஆண்டுகளில் அவர் உள்ளே வந்தார்.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): படிப்படியாக நாடாளுமன்றம் வழியாகத்தான் உயர்ந்தாரா?

பதில்: இல்லை, அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததேயில்லை. 2000இலும் 2004இலும் ராய்ரங்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, 2004 வரை அமைச்சராகவும் இருந்த அவர், 2009இல் மயூர்பஞ்ச் மக்களவைத் தொகுதியில் தோற்றார். பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த அவரை 2015இல் ஜார்க்கண்ட் ஆளுநர் பதவிக்கு ஒன்றிய அரசு பரிந்துரைத்ததே உண்மையான திருப்பம் என்பது என் கருத்து. அது வாக்காளர் கொடுத்த படியன்று.

கேள்வி (வழக்குரைஞர், மதுரை): ஆளுநராக, தம்மை நியமித்தவர்களின் விருப்பத்துக்குக் கையொப்பமிடுபவராக மட்டும் இருந்தாரா?

பதில்: ஒரு நிகழ்வு அவ்வாறு சொல்ல விடாது. பழங்குடியினரின் வேளாண் நிலத்தை வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற வழிசெய்யும் வகையில், 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தையும் 1949ஆம் ஆண்டின் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டத்தையும் திருத்தும் மசோதாக்கள் 2016இல் ஜார்க்கண்ட் சட்டமன்றத்தில் நிறைவேறின. ஆண்டது பாரதிய ஜனதா அரசு. ஆளுநரோ அக்கட்சியிலிருந்தே வந்தவர். எனினும் இதனால் பழங்குடியினருக்கு என்ன நன்மை என்று விளக்கம் கேட்டு, 2017இல் மசோதாக்களைத் திருப்பியனுப்பினார். அரசு அவற்றைக் கைவிட்டது. சந்தால் பழங்குடி இனத்தவரான அவருக்கு நிலம் என்பது கோப்பில் வரும் சொல் மட்டுமன்று.

கேள்வி (இல்லத்தரசி, திருநெல்வேலி): குடியரசுத் தலைவர் தேர்தலில் கவுன்சிலர்களுக்கு வாக்கு உண்டா?

பதில்: கிடையாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பர். 2022இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 700. ஒடிசா சட்டமன்ற உறுப்பினருடையது 149. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருடையது 176. எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் யஷ்வந்த் சின்காவின் 3,80,177க்கு எதிராக முர்மு 6,76,803 வாக்கு மதிப்பைப் பெற்றார். 1997இல் அவருடன் ராய்ரங்பூர் மன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள், கவுன்சிலர் என்ற முறையில் அதில் ஒரு புள்ளியைக்கூடச் சேர்த்திருக்க முடியாது.