டிரிஃப்டர்ஸும் கிளைடு மெக்ஃபாட்டரும் – கடிதம்

வணக்கம்.

டிரிஃப்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் பாடல்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1953-இல் வந்த 'மணி ஹனி'யில் ஒரு குரல், 1959-இல் வந்த 'தேர் கோஸ் மை பேபி'யில் முற்றிலும் வேறு குரல். இரண்டும் ஒரே குழுதானா? முதலில் பாடிய கிளைடு மெக்ஃபாட்டர் எங்கே போனார்? 39 வயதில் இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. முதல் பாட்டில் பாடியவர்களில் ஒருவர்கூட இரண்டாவதில் கிடையாது. பெயர் மட்டும்தான் ஒன்று. அந்தப் பெயர் கைமாறியதில் மெக்ஃபாட்டருக்கே பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை.

வட கரோலினாவின் டர்ஹாமில் பிறந்தவர், பாப்டிஸ்ட் போதகரின் மகன். நியூயார்க்கின் ஹார்லெமில் கோஸ்பல் எனும் தேவாலயப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தவரை 1950-இல் பில்லி வார்டு தன் டாமினோஸ் குழுவில் சேர்த்துக்கொண்டார். அன்றைய குழுக்களில் மேல் ஸ்தாயிக்காரர்கள் பெரும்பாலும் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் பாடுவார்கள். இவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிருகாக்களாக உதிர்ப்பார், நடுவில் விம்முவார். ஆண்டவரிடம் மன்றாடும் அதே தொனியில் காதலியிடம் மன்றாடினார். 1952-இல் 'ஹேவ் மெர்சி பேபி' (இரக்கம் காட்டு, கண்ணே) ரிதம் அண்ட் ப்ளூஸ் எனும் கறுப்பின ஜனரஞ்சக இசைக்கான பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் 'பேபி'யை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஜெபம்தான்.

ஆனால் டாமினோஸ் முழுக்க வார்டின் சொத்து. பாடகர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள், கட்டுப்பாட்டை மீறினால் அபராதம். மெக்ஃபாட்டரைச் சில இடங்களில் 'கிளைடு வார்டு' என்றே விளம்பரப்படுத்தினார்கள், முதலாளியின் தம்பி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. 1953-இல் வெளியே வந்தார். தனக்குப் பதிலாக வந்த பையனுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். (அந்தப் பையன், பிற்பாடு பெரும்புகழ் பெற்ற பாடகர் ஜாக்கி வில்சன்!)

அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகன், டாமினோஸைக் கேட்க பேர்ட்லேண்ட் கிளப்புக்குப் போனார். மேடையில் மெக்ஃபாட்டரைக் காணோம். தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்டார். அப்படி உருவானதுதான் டிரிஃப்டர்ஸ். 'மணி ஹனி' 11 வாரம் முதலிடம். இந்த முறை குழுவில் அவருக்கும் பங்கு இருந்தது.

1954-இல் ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்ததும் தனியாகப் பாடுவது என்று முடிவெடுத்து, தன் பங்கை மேனேஜர் ஜார்ஜ் டிரெட்வெல்லிடம் விற்றார். சம்பளத்துக்குப் பாடி நொந்தவர், கூடப் பாடியவர்களை அதே நிலையில் விட்டுவிட்டுப் போனார். பிற்பாடு வருந்தினார், ஆனால் விற்றது விற்றதுதான். 1958-இல் டிரெட்வெல் இருந்த பாடகர்களை மொத்தமாக அனுப்பிவிட்டு, ஃபைவ் கிரௌன்ஸ் என்ற வேறொரு குழுவைக் கூட்டிவந்து டிரிஃப்டர்ஸ் ஆக்கினார். நீங்கள் கேட்ட 1959-ஆம் வருஷக் குரல் அவர்களில் ஒருவரான பென் ஈ. கிங்குடையது. அவரும் அடுத்த வருஷமே சம்பளத் தகராறில் விலகினார்.

மெக்ஃபாட்டரின் தனிப்பயணம் நன்றாகவே தொடங்கியது. 'எ லவர்ஸ் கொஸ்டின்' பாப் பட்டியலிலும் 6-ஆம் இடம் வரை போனது. 1959-இல் அட்லாண்டிக்கை விட்டதுதான் சறுக்கல் என்பது என் எண்ணம். அந்தக் குரலை எங்கே நிறுத்த வேண்டும் என்று அங்கே தெரிந்திருந்தது. அதன்பின் 1962-இல் 'லவர் ப்ளீஸ்' ஒன்றுதான் பெரிய வெற்றி. அப்புறம் குடி. 1968-இல் இங்கிலாந்து போய்ப் பார்த்தார், இரண்டு வருஷத்தில் திரும்பினார். 1972 ஜூனில் இறந்தார். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு முறை இடம்பெற்ற முதல் ஆள் அவர்: 1987-இல் தனிப் பாடகராக, 1988-இல் டிரிஃப்டர்ஸில் ஒருவராக.

டிரிஃப்டர்ஸ் 1954-இல் பாடிய 'வைட் கிறிஸ்மஸ்' உங்கள் வரிசையில் வந்ததா? முதலில் பில் பிங்க்னியின் கீழ்க்குரல் நிதானமாகப் பாடிக்கொண்டு போகும். அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள், மெக்ஃபாட்டர் பாதிக்கு அப்புறம்தான் வருவார்.